நம்ம வீட்டுக் குழு: சமன்பாட்டுச் சந்தேகம்

கவின்: சித்தப்பா, ஜிங்க் சல்பேட் கரைசல்ல காப்பரைப் போட்டா காப்பர் சல்பேட்டும் ஜிங்க்கும்னு எழுதினேன். சுழிச்சு விட்டுட்டாங்க 😕

சித்தப்பா: அங்க வினையே நடக்காதுடா. தனியா நாம போடுற உலோகம், கரைசல்ல இருக்கிற உலோகத்தைவிட வினைத்திறன் வரிசையில (எது வேகமா வினைபுரியும்ங்கிற வரிசை) மேல இருக்கணும். மேலிருந்து கீழ: மக்னீசியம், அலுமினியம், ஜிங்க், இரும்பு, லெட் (ஈயம்), ஹைட்ரஜன், காப்பர், சில்வர்.

கவின்: அப்போ இரும்பு ஆணியை காப்பர் சல்பேட்ல போட்டா?

அத்தை: நடக்கும். ஆணி மேல செம்பு படியும், நீலம் வெளிறி இளம்பச்சை ஆகும். ஃபெரஸ் சல்பேட்னு எழுது, அதுல இரும்பு அயனியோட மின்சுமை +2. நிறைய பேர் +3 போட்டு மார்க்கை விடுறாங்க.

கவின்: சோடியம் நீங்க சொன்ன எல்லாத்துக்கும் மேலயே! அதைப் போட்டா செம்பு வரும்தானே?

சித்தப்பா: இங்கதான் வரிசையை மனப்பாடம் பண்ணவங்க மாட்டுவாங்க 😄 கரைசல்ல அதிகமா இருக்கிறது தண்ணி. சோடியம் முதல்ல அதைத்தான் பிடிக்கும். ஹைட்ரஜன் வெளியேறும், சோடியம் ஹைட்ராக்சைடு உருவாகும். அது காப்பர் சல்பேட்டோட சேர்ந்து நீல நிற காப்பர் ஹைட்ராக்சைடு வீழ்படிவை (கரையாம படியிற திடப்பொருள்) தரும். இதைத் தாள்ல மட்டும் எழுதிப் பாரு, செஞ்சு பார்க்காதே, தண்ணில சோடியம் வெடிக்கும்.

யாழினி: எனக்கும் ஒண்ணு. பொட்டாசியம் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் கலந்தா?

அத்தை: ஒண்ணும் ஆகாதும்மா. நாலு அயனியும் அப்படியே மிதக்கும். இரட்டை இடப்பெயர்ச்சின்னா ஜோடி மாத்தி எழுதினா போதாது. வீழ்படிவு, வாயு, தண்ணி இதுல ஒண்ணாவது வரணும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் நைட்ரேட்டுகளும் கரைஞ்சிடும்னு வச்சுக்கோ. குளோரைடுல சில்வரும் லெட்டும் படியும், சல்பேட்ல பேரியமும் லெட்டும் படியும்.

யாழினி: லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு?

அத்தை: மஞ்சள் லெட் அயோடைடு. லெட் நைட்ரேட் 1 பங்குக்கு 2 பங்கு பொட்டாசியம் அயோடைடு வேணும், 2 பங்கு பொட்டாசியம் நைட்ரேட் வரும். லெட் நைட்ரேட்ல இருக்கிற கீழ் எண் 2-ஐ பொட்டாசியம் நைட்ரேட்டுக்கும் தூக்கிட்டுப் போயிடாதே. இணைதிறனை (ஒரு தனிமமோ அயனியோ மத்ததோட சேரும் எண்) வச்சு வாய்பாட்டைப் புதுசா எழுது, அப்புறம்தான் சமன் செய்யணும்.

மாமா: ஒண்ணு விட்டுட்டீங்க. அமிலத்துல உலோகம் போட்டா ஹைட்ரஜன்னு கண்ணை மூடிட்டு எழுதாதீங்க. நைட்ரிக் அமிலம் தனி ரகம். காப்பரோட, அடர் அமிலம்னா பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடு, நீர்த்ததுன்னா பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. கூடவே காப்பர் நைட்ரேட்டும் தண்ணியும்.

கவின்: மார்பிள்ல சல்ஃபூரிக் அமிலம் ஊத்தினா கார்பன் டை ஆக்சைடு வந்துட்டே இருக்குமா மாமா?

மாமா: கொஞ்ச நேரம் நுரைக்கும், அப்புறம் நின்னுடும். சரியா கரையாத கால்சியம் சல்பேட் கல்லு மேல படிஞ்சு, அமிலத்தை உள்ள விடாது. அதனாலதான் ஆய்வகத்துல ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்துறாங்க.

கவின்: 👍 சுழிச்ச மத்ததையும் அனுப்புறேன், இன்னும் 4 இருக்கு