லேகாக் கிராமம்: லண்டனிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி: கார் இல்லை, கூட அம்மாவும் வருகிறார். வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக்குக்கு எப்படிப் போவது? என்னென்ன பார்க்கலாம்?

பதில் 1: தாராளமாகப் போகலாம். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறி சிப்பன்ஹாமில் இறங்குங்கள், சுமார் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து லேகாக் 5 கி.மீ.தான், ஃப்ரோம் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பஸ்ஸை நம்ப முடியாது. திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

பதில் 2: முதலில் லேகாக் அபே என்ற பழைய மடம். 1232-இல் கன்னியர் மடமாகத் தொடங்கியது, பிறகு மாளிகையானது. மாடியில் தெற்குக் கூடத்து நடு ஜன்னலைத் தவறவிடாதீர்கள்: சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள். 1835-இல் புகைப்படக் கலை முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் எடுத்த, இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் இந்த ஜன்னலுடையதுதான். அம்மாவுக்குப் படி ஏறச் சிரமம் என்றால் கீழே மடத்து முற்றத்துத் தாழ்வாரமே போதும். குளிர்காலத்தில் மாடி அறைகள் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதில் 3: ஊரே, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டுடையது (1944 முதல்), ஆனால் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறவர்கள் அதிகம், தயவுசெய்து வேண்டாம். தெருவில் நடக்கக் கட்டணம் இல்லை, அபேக்கு மட்டும்தான் டிக்கெட்.