ஹாட் ராட் – தமிழில் என்ன சொல்லலாம்? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

மீ., சென்னை – வியாழன் காலை

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு ஆவணப்படத் தொடருக்குச் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு அப்பாவும் மகளும் வீட்டு கராஜில் 1932 ஃபோர்டு ஒன்றைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுகிறார்கள். ஆறு பகுதி. வாய்க்கு வாய் ‘ஹாட் ராட்’. இயந்திர மொழிபெயர்ப்பு என்ன கொடுத்தது தெரியுமா? ‘என் தாத்தா எனக்கு ஒரு சூடான கம்பியை விட்டுச் சென்றார்.’

வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. விளக்கம் எழுத இடமே இல்லை. முதல் பகுதியைத் திங்கள் காலை அனுப்பியாக வேண்டும். சின்னதாக ஒரு சொல் வேண்டும். ‘வின்டேஜ்’ என்பதற்கும் ஒன்று கிடைத்தால் நல்லது.

---

செ., சான் ஹோசே – வியாழன்

மீ., சொல் தேடும் முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த வண்டிகளைப் பார்க்கவென்றே நான் சுற்றுவதுண்டு.

ஹாட் ராட் என்றால் பழைய கார் என்று மட்டும் அர்த்தம் இல்லை. பழைய காரை வேகத்துக்காக அறுத்து, மாற்றி, இலேசாக்கியது. 1932-இல் ஃபோர்டு வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண மக்களும் வாங்கக்கூடிய காரில் வைத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சில வருடம் கழித்து அவை பழைய வண்டியாக மலிவாகக் கிடைத்தபோது பையன்கள் வாங்கி, மட்கார்டைக் கழற்றி, பானெட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். மியூராக், எல் மிராஜ் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். ஓட்டத்தை ஒழுங்காக நேரம் பார்த்து நடத்த 1937-இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் வந்தது. போருக்குப் பிறகு, ராணுவத்தில் மெக்கானிக் வேலை பழகித் திரும்பியவர்களால் இது இன்னும் பரவியது.

பெயர் வந்ததற்கு இரண்டு கதை. ‘ஹாட் ரோட்ஸ்டர்’ சுருங்கியது என்பது ஒன்று (ரோட்ஸ்டர் என்றால் நிலையான கூரை இல்லாத கார்). எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்திருக்கும் கம்பியான கனெக்டிங் ராட் என்பது இன்னொன்று. ஆக, உங்கள் கம்பி முழுத் தவறும் இல்லை!

---

இரா., தஞ்சாவூர் – வியாழன் மாலை

அம்மா மீ., நல்ல கேள்வி.

புதிதாக ஆக்குவானேன்? புறநானூற்றில் நெட்டிமையார் ‘கடுந்தேர் குழித்த ஞெள்ளல்’ என்கிறார். தேர் விரைந்து ஓடித் தெருவே குழிந்துபோயிற்றாம். ஏரிப்படுகையில் டயர் தடம் பதிக்கும் வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தேர் என்றதும் திருவாரூர் நினைவுக்கு வருகிறது என்பீர்களானால், ‘கடி’ என்ற உரிச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியர் அதற்குப் பத்துப் பொருள் சொல்கிறார். புதுமை, விரைவு, கூர்மை, மிகுதி, சிறப்பு, அச்சம் எல்லாம் அதற்குள் அடக்கம். நண்பர் செ. விவரித்த வண்டியில் இவை ஆறும் இருக்கின்றன. ஆகவே ‘கடிவண்டி’.

---

வே., கோவை – வியாழன் இரவு

ஐயா, கோவித்துக்கொள்ளக் கூடாது. கடிவண்டி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கடி ஜோக் சொல்லும் வண்டி என்று நினைப்பார்கள். கடுந்தேர் என்றால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் தேடுவார்கள்.

நான் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவன். எங்கள் பக்கம் இந்த மாதிரி வண்டியை ‘ஆல்டர் பண்ணின வண்டி’ என்போம். சிலிண்டரை போர் பண்ணி, அதாவது குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டால் ‘ஏத்தி விட்டாச்சு’ என்போம். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘முறுக்கேற்றிய வண்டி’. சுருக்கி ‘முறுக்கு வண்டி’ என்றும் வைக்கலாம்.

---

மீ., சென்னை – வெள்ளி

> ‘முறுக்கு வண்டி’ என்றும் வைக்கலாம்

எங்கள் தெருவுக்கு அது தினமும் மாலை நாலு மணிக்கு வரும் ஐயா. கூடவே சீடையும் வரும்.

---

அ., பெங்களூரு – வெள்ளி

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாக ஓரமாக உட்கார்ந்து படிப்பதோடு சரி. ஒன்று தோன்றியது.

காருக்குச் சீருந்து என்று ஒரு சொல் இருக்கிறதே. அதில் ர-வை ற ஆக்கினால் சீறுந்து. சீறும் உந்து. ஒரு எழுத்தைத்தான் ஆல்டர் பண்ணியிருக்கிறேன். ஹாட் ராட் செய்பவர்களும் காரை அப்படித்தானே செய்கிறார்கள்?

---

இரா., தஞ்சாவூர் – வெள்ளி, பத்து நிமிடம் கழித்து

தம்பி! எங்கே ஒளிந்திருந்தீர்?

இலக்கணம் பாருங்கள். சீர்+உந்து, ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’. சீறு+உந்து, ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்’. இரண்டும் பழுதில்லாமல் புணர்கின்றன. சீருந்து பண்பைச் சொல்கிறது, சீறுந்து வினைத்தொகை. சீறிய, சீறுகின்ற, சீறும் என்று மூன்று காலமும் கரந்து நிற்கிறது. தாத்தா ஓட்டினார், மகள் கட்டுகிறாள், நாளை ஓடப்போகிறது. மூன்று காலத்துக்கும் பொருந்தும் வண்டி இது.

---

வே., கோவை – வெள்ளி

ஐயா, வீட்டு ஷெட்டில் பிரித்துப்போட்ட வண்டிக்கு எதிர்காலம் மட்டும்தான் உண்டு. என் தம்பி வீட்டில் ஒன்று பதினோரு வருடமாகச் சீறப்போகிறது.

---

மீ., சென்னை – வெள்ளி இரவு

அ., சொல் அழகு. மறுக்கவே இல்லை. ஆனால் திரையில் இரண்டு நொடி நிற்கும் வரியில் ‘சீறுந்து’ என்று வந்தால் பார்ப்பவர் சீருந்தை எவனோ தப்பாக எழுதியிருக்கிறான் என்பார். ‘சப்டைட்டிலில் எழுத்துப்பிழை’ என்று படம்பிடித்துப் போடுவார்கள், அடியில் என் பெயர் வரும். அதற்கும் முன்னால் மெய்ப்புப் பார்ப்பவரே திருத்திவிடுவார். வாயால் சொன்னாலும் பெரும்பாலோருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான்.

ஒரு காட்சியில் அப்பா சொல்கிறார்: ‘இது வெறும் கார் இல்லை, ஹாட் ராட்.’ நான் எழுதவேண்டியது: ‘இது வெறும் சீருந்து இல்லை, சீறுந்து.’ இதைப் பார்த்து நாலு பேர் கைதட்டுவார்கள். அந்த நாலு பேரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

---

கு., ரொறன்ரோ – சனி

> பெரும்பாலோருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான்

தங்கச்சி, அது உங்கட பக்கத்துக் கதை. நாங்கள் ஆங்கிலச் சொல்லையே ‘ஹொட் றொட்’ என்று றகரம் போட்டு எழுதுகிற ஆட்கள். எனக்குச் சீறுந்து சரி.

பழைய வாகனம் என்றதால் ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பக்குவமாக வைத்திருந்து, காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் காரணம். பின்னால் புகை எழும்பும், மணம் உடுப்பை விட்டுப் போகாது. அமெரிக்கப் பொடியன்கள் வேகத்துக்காக மாற்றினார்கள், நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக மாற்றினோம். அதுக்கு என்ன சொல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

---

செ., சான் ஹோசே – சனி

கு. அண்ணா, இந்தக் கதையை விரிவாக எழுதுங்கள், தனி இழையாகவே.

அந்த ஃபோர்டு வி8-க்கும் சூட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதில் வால்வுகள் மேலே மூடியிருக்கும் ஹெட்டில் இல்லை, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே இருக்கின்றன. எரிந்த புகை வெளியேறும் வழியும் பிளாக்குக்குள், தண்ணீர் சுற்றும் இடத்தின் ஊடாகவே போகிறது. அதனால் ரேடியேட்டர் சட்டென்று கொதிக்கும். சீறும் என்பது அங்கே உவமை இல்லை, நிஜமாகவே சீறும்.

---

வே., கோவை – சனி

மீ. அம்மா, படத்தில் ஈயம் வைக்கும் காட்சி வருமே? தகரத்தை வெட்டி ஒட்டிய இடத்தில் இப்போது டிங்கர்கள் பட்டி வைத்துத் தேய்க்கிறார்கள். அந்தக் காலத்தில் ஈயத்தை உருக்கி, மரக்கட்டையால் தடவி, அரம் போட்டுச் சமம் செய்வார்கள். அதற்குப் புதுச்சொல் எதுவும் தேட வேண்டாம். ‘ஈயம் பூசுதல்’ என்றே எழுதுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருவில் பூசிக் கொடுத்ததைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

---

இரா., தஞ்சாவூர் – சனி

‘கலாய் பூசுதல்’ என்றும் சொல்வதுண்டு. இந்தக் கலாய், அரபியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் ‘கலஈ’ என்பதன் வழி வந்தது. அந்த அரபுச் சொல், மலாய்த் தீபகற்பத்தில் வெள்ளீயம் கிடைத்த ‘கலா’ என்ற துறைமுகத்தின் பெயரால் அமைந்தது என்பர். அந்தக் கலாவைக் கெடா என்று கொள்வாரும் உளர். கெடா எது? நம் கடாரம்! ஆக, இராசேந்திரன் கொண்ட கடாரத்தின் பெயர் அமெரிக்கக் காரின் கதவு இடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

---

மீ., சென்னை – சனி இரவு

ஐயா, கடாரத்திலிருந்து தயவுசெய்து கலிபோர்னியாவுக்குத் திரும்புங்கள். எனக்கு நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. வின்டேஜ் அப்படியே நிற்கிறது.

---

அ., பெங்களூரு – ஞாயிறு

தொல்லுந்து?

---

வே., கோவை – ஞாயிறு

அதில் பாதி ‘தொல்லை’ என்று கேட்கிறது தம்பி. பழைய கார் வைத்திருப்பவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரே சொல் போதாது. இங்கிலாந்துக்காரர்கள் கணக்கில் வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை செய்தது. அதற்கு முந்தியதற்கு வேறு பெயர். நம் ஊரில் 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். முக்கியமானது இதுதான்: சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. அதாவது இந்தப் படத்தின் நாயகனை இங்கே கொண்டுவந்தால், எத்தனை வயதானாலும் வின்டேஜ் பலகை கிடைக்காது. கூரையையே அறுத்துத் தாழ்த்தியிருக்கிறார்களே!

அதனால் இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். உள்ளது உள்ளபடி மீட்பது ஒன்று, வெட்டி மாற்றுவது இன்னொன்று. முதலாவதற்குத் ‘திருப்பணி’ என்றே சொல்வேன். கோயில் திருப்பணியில் நடக்கும் தப்பு இதிலும் நடக்கும். மணலை வீசி அடித்துக் கல்வெட்டை அழித்தார்கள் அல்லவா? துரு எடுக்கிறேன் என்று மெல்லிய தகரத்தில் அதே வேகத்தில் மணல் அடித்தால் கதவு அப்பளம் மாதிரி நெளிந்துபோகும். நான் ஒருமுறை நெளித்திருக்கிறேன், அதனால் தெரியும்.

---

மீ., சென்னை – திங்கள் காலை

அனுப்பிவிட்டேன். உங்கள் நேரத்துக்கு நன்றி. என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் இன்று மாலைக்குப் பிறகு.

முதல் முறை வரும் இடத்தில் ‘முறுக்கேற்றிய பழைய கார், ஹாட் ராட்’. வரி 42-க்குள் அடங்கியது. அதற்குப் பின் எல்லா இடத்திலும் ‘ஹாட் ராட்’. வின்டேஜ் வரும் இடமெல்லாம் ‘பழங்கால கார்’. ‘திருப்பணி’யை ஒரே இடத்தில் வைத்தேன், மகள் கிண்டலாகப் பேசும் வசனத்தில். மற்ற இடங்களில் ‘மீட்டெடுப்பது’. ‘ஈயம் பூசுதல்’ அப்படியே போனது.

சீறுந்தை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அ., மன்னிக்கவும்.

---

அ., பெங்களூரு – திங்கள்

பரவாயில்லை அக்கா. என் பைக்குக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறேன்.

---

இரா., தஞ்சாவூர் – திங்கள் இரவு

‘பழங்காலக் கார்’, வல்லினம் மிகும். இது முதலாவது.

இரண்டாவது, என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். பிழை என்று எண்ணிவிடுவார்களே என்று அஞ்சி ஒரு சரியான சொல்லை ஒதுக்கிவிட்டோம். ரகர றகர வேறுபாடு மக்களுக்குத் தெரியாது என்றால், தெரியவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது வரும்? ஒரு அரையெழுத்து அளவு வேறுபாட்டில் ஒரு வண்டியே மாறுகிறது என்று வகுப்பில் சொன்னால் எந்த மாணவன் மறப்பான்? நான் நாளை முதல் சொல்லத்தான் போகிறேன்.

---

வே., கோவை – செவ்வாய்

ஐயா, எதிர்ப்பு பதிவானது. நானும் இனி பட்டறைப் பக்கம் போனால் சீறுந்து என்றுதான் சொல்லிப் பார்க்கப்போகிறேன். எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எழுதுகிறேன்.

அப்புறம் மீ. அம்மா, பெயிண்ட் அடிக்காமல் துருவோடு விடுகிற ‘ராட் ராட்’ (rat rod) என்று ஒரு வகை உண்டு. எலி ராட். அதற்கு மட்டும் யாரும் பெருச்சாளி, மூஞ்சூறு என்று கிளம்ப வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

---

மீ., சென்னை – செவ்வாய்

இரண்டாம் பகுதி முழுக்க அதுதான் ஐயா. வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள்.