புதுப்பிப்பு: நெய்யில் பூச்சிமருந்து எச்சம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கும் நெய்யில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கீரை மாதிரியே சோதித்துவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பொறுமையாக விளக்கினார். சோதிக்கலாம், ஆனால் அப்படியே அல்ல. கீரைக்கு 2003-இல் வெளிவந்த கேச்சர்ஸ் (QuEChERS) என்ற, பூச்சிமருந்தைப் பிரித்தெடுக்கும் எளிய முறை போதும்: அரைத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி, உப்புப் போட்டுக் குலுக்கினால் பூச்சிமருந்து அந்தக் கரைப்பானுக்கு வந்துவிடும். நெய்யில் டிடிடி (DDT) போன்ற, கொழுப்பில் கரையும் பூச்சிமருந்துகள் கொழுப்பை விட்டு முழுசாக வராது, அதனால் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடலாம், எனக்குக் கவலை தந்தது இதுதான். கூடவே வரும் கொழுப்பு சோதனைக் கருவியையும் அழுக்காக்கும் என்பதால், அந்தக் கரைப்பான் சாற்றை உறையவைத்து, கட்டியான கொழுப்பைப் பிரித்துவிடுவார்களாம். சரி, கீரையையாவது கழுவலாம், நெய்யை எப்படிக் கழுவுவது? அதனால் நெய்க்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம் என்றே நினைக்கிறேன். அடுத்து அவரிடம் தேங்காய்ப்பால் பற்றிக் கேட்கப் போகிறேன்.