பெல் ஹவுசிங் அடியில் ஆயில் கசிவு: சீல் மாற்றியும் நிற்கவில்லை, ரிங் போய்விட்டதா?

லோடர்காரன்:
வணக்கம். வீல் லோடர், 6 சிலிண்டர் டர்போ டீசல், மீட்டரில் 9,400 மணி. பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கூடு) அடி ஓட்டையில் ஆயில் சொட்டியதால் ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுப்பது) மாற்றப்பட்டது. 150 மணிகூட ஓடவில்லை, மறுபடியும் அதே இடம் நனைகிறது. பிரீதர் குழாயில் (கிராங்க்கேஸ் என்ற இன்ஜின் அடிக்கூட்டின் காற்றை வெளியே விடுவது) புகை தள்ளுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் தலைகீழாக வைத்தால் ஆடுகிறது. ஆனால் பவர் குறையவில்லை, காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது), ஃபுல் இன்ஜின் இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கலாம்? ஏர் பிரேக் உள்ள வண்டி.

கறுப்பு ஆயில்:
முதலில் சொட்டுவது எந்த ஆயில் என்று உறுதி செய்யுங்கள். பெல் ஹவுசிங்குக்குள் இன்ஜின் ஆயிலும் வரும், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பக்கத்து ஆயிலும் வரும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டாலே கரி கலந்த டீசல் இன்ஜின் ஆயில் தெரிந்துவிடும்.

இன்ஜின் ஆயில்தான் என்றாலும் சீலைக் குற்றம் சொல்ல அவசரம் வேண்டாம். ஆயில் கீழே வடியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்த இடத்தை விட்டுவிட்டு, நனைந்திருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடுங்கள். வால்வு கவர் கேஸ்கெட்டின் பின்மூலை, ஹெட்டின் பின்பக்கம், டர்போ ஆயில் குழாய், பின்பக்க ஆயில் கேலரி பிளக், கேம் ஷாஃப்ட் பிளக் எல்லாமே வடிந்து பெல் ஹவுசிங்குக்குத்தான் வந்து சேரும். இன்ஜினைக் கழுவி முழுக்க உலர்த்தி, அல்ட்ரா வயலட் டையை (அந்த ஒளியில் மின்னும் சாயம்) ஆயிலில் ஊற்றி, சூடாகும்வரை ஓட்டிவிட்டு அந்த விளக்கு அடித்துப் பாருங்கள். டை இல்லையென்றால் உலர்ந்த பரப்பில் டால்கம் பவுடர் தூவினாலும் கசிவின் பாதை தெரியும்.

பிரீதரை உடனே பார்க்க வேண்டும். கம்பி வலை உள்ளதென்றால் டீசலில் கழுவி ஊதலாம். பேப்பர், ஃபைபர் எலிமென்ட் என்றால் மாற்றத்தான் வேண்டும். குழாயின் கீழ்முனை சேறு அப்பி அடைத்திருக்கும், நடுவில் மடங்கியிருக்கும், உள்சுவர் பிரிந்து தொங்கும். வெளியிலிருந்து எல்லாம் தெரியாது. கழற்றி ஊதிப் பார்ப்பதுதான் வழி.

நீர்மானி:
மூடி ஆடுவதை வைத்து இன்ஜினை இறக்காதீர்கள். நல்ல இன்ஜினிலும் கொஞ்சம் பேக் கம்ப்ரஷன் இருக்கும், மூடி ஆடும். அளந்து பார்க்க வேண்டும். சாதாரண ஆயில் பிரஷர் கேஜ் இதற்கு உதவாது, ஏனென்றால் 1 பி.எஸ்.ஐ. என்பதே சுமார் 700 மி.மீ. நீர். நாம் பார்ப்பது அதில் ஒரு சிறு பங்கு. உள்விட்டம் 6 மி.மீ. உள்ள தெளிவான குழாயை ஒரு பலகையில் 'யு' வடிவில் கட்டி, பாதி அளவு சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று கசியாமல் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் படிக்கக் கூடாது. இரு பக்கத்து நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. நீர் துள்ளினால் குழாயை லேசாக நெருக்கிப் பிடியுங்கள்.

பிரீதர் இன்டேக்கில் இணைந்த இன்ஜின் என்றால் கவனம்: உள்ளே வேக்யூம் வந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். குழாயின் இரு கையும் நல்ல உயரம் இருக்கட்டும்.

கூலன்ட் முழுச் சூட்டில் ஐடில், ஃபுல் திராட்டில், கன்வெர்ட்டர் ஸ்டால் (பிரேக் பிடித்து, கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பது) மூன்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாலில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்க வேண்டாம், கன்வெர்ட்டர் ஆயில் கொதித்துவிடும். எல்லை எவ்வளவு என்பது அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இன்னொரு இன்ஜினின் எண்ணைக் கொண்டு தீர்ப்பு சொல்லக் கூடாது.

எல்லை தாண்டினாலும் ரிங்தான் என்று முடிவாகாது. அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் வர வேறு வழிகளும் உண்டு: டர்போ சீல் தேய்ந்தால் டிரெயின் குழாய் (ஆயில் இன்ஜினுக்குத் திரும்பும் குழாய்) வழியாக, ஏர் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்தால் அதன் டிரெயின் வழியாக, வால்வு கைடு வழியாகவும்கூட. உங்கள் வண்டியில் பவரும் ஸ்டார்டிங்கும் நன்றாக இருப்பதால் கம்ப்ரஸரை முதலில் சந்தேகப்படுகிறேன். ஏர் டேங்க் நிரம்பி கவர்னர் கட்-அவுட் ஆனபின் (கம்ப்ரஸர் காற்று ஏற்றுவது நின்றபின்) ஒரு அளவு. பிரேக்கைப் பலமுறை மிதித்து அழுத்தத்தை இறக்கி, கம்ப்ரஸர் காற்று ஏற்றும்போது, கட்-அவுட்டுக்குச் சற்று முன் இன்னொரு அளவு. இரண்டும் ஒரே ஆர்.பி.எம்.மில்.

லோடர்காரன்:
பிரீதர் குழாய் சுத்தம். டை ஊற்றிப் பார்த்ததில் மேலே எல்லாம் உலர்ந்திருக்கிறது, கசிவு சீல் பக்கம்தான். ஃபுல் திராட்டிலில் கம்ப்ரஸர் காற்று ஏற்றும்போது 130 மி.மீ., கட்-அவுட்டுக்குப் பிறகு 45 மி.மீ. ஸ்டாலிலும் கட்-அவுட் நிலையில் கையேட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஏர் டேங்க்கைத் திறந்தால் ஆயில் கலந்த தண்ணீர் வருகிறது.

நீர்மானி:
இது கம்ப்ரஸர்தான். இன்ஜின் ரிங் போயிருந்தால் கட்-அவுட் ஆனதும் அளவு இப்படி விழாது. புதிது போடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். கரி படிந்து துவாரம் சுருங்கியிருந்தால் கம்ப்ரஸர் அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் ஓடி ரிங் தேய்ந்திருக்கும். பழைய குழாயோடு புதிய கம்ப்ரஸரும் அதே கதிதான். சிஸ்டத்தில் காற்றுக் கசிவு இருந்து கட்-அவுட்டே அரிதாக ஆகிறதா, கம்ப்ரஸர் ஹெட்டுக்குக் கூலன்ட் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

கட்-அவுட்டிலும் அளவு இறங்காமல் இருந்திருந்தால் அடுத்து டர்போ, அதன் பிறகு லீக்-டவுன் சோதனை. சிலிண்டரை கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி கிராங்க்கைப் பூட்டிவிட்டுக் காற்று ஏற்ற வேண்டும். ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கறுப்பு ஆயில்:
சீலை மறுபடி மாற்றத்தான் வேண்டும், ஆனால் கம்ப்ரஸர் வேலை முடிந்து அளவு இறங்கிய பிறகு. அழுத்தம் இருக்கும்போது எந்தச் சீலும் நிற்காது. கழற்றும்போது கிராங்கில் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் வேர் ஸ்லீவ் (தேய்ந்த இடத்தின் மேல் மாட்டும் மெல்லிய உலோக வளையம்) போட வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீல் என்றால் உதட்டிலும் ஷாஃப்டிலும் ஆயில், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. உலர்வாக, கூடவே வரும் பிளாஸ்டிக் கைடோடு ஏற்றுங்கள், உதட்டில் விரல் படக் கூடாது. கிராங்க் மேலும் கீழும் ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள், மெயின் பேரிங் தேய்ந்தால் புதுச் சீலும் தாங்காது. சில இன்ஜின்களில் ஃபிளைவீல் போல்ட் ஓட்டைகள் கிராங்க்கேஸ் வரை திறந்திருக்கும். அதில் சீலன்ட் தடவாவிட்டால் மரையின் வழியே ஆயில் வந்து சீல் கசிவு போலவே தெரியும்.