பூச்சிச் சோதனை: காசை எதில் போடலாம்?

டிக்கோயா தேயிலை:
ஹட்டன் பக்கம் ஒரு லேபில் பயிற்சியில் இருக்கிறேன். குடற்புழுவுக்குப் புதுச் சோதனை உருவாக்கக் காசு கிடைத்தால் எதை முதலில் செய்வது என்று வகுப்பில் விவாதம். எல்லோரும் பி.சி.ஆர். (மலத்தில் புழுவின் டி.என்.ஏ.வைத் தேடும் லேப் சோதனை) என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. மேல் டிவிஷன் பிள்ளைமடுவத்தில் காலையில் வாங்கிய மலம் எங்கள் மேசைக்கு வரும்போது மத்தியானம். கேட்டோ-காட்ஸ் ஸ்லைடு (மலத்தைக் கிளிசரினில் தெளியவைத்து மைக்ராஸ்கோப்பில் முட்டை எண்ணும் முறை) போட்டு ஒரு மணித்தியாலம் தாண்டினால் கிளிசரினில் கொக்கிப்புழு முட்டை கரைந்தே போய்விடும். 41.7 மில்லிகிராம் மலத்தில் எண்ணி, ஒரு கிராமுக்கு எத்தனை என்று அறிய 24ஆல் பெருக்குகிறோம், ஒரு முட்டை தவறினாலே கணக்கில் 24 குறையும். என்ன சொல்கிறீர்கள்?

பழைய லேப்காரன்:
தங்கச்சி, சோதனையை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம்? பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை எல்லாப் பிள்ளைக்கும் போகிறது, ஆள் ஆளாகப் பார்த்தா கொடுக்கிறோம்? மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்னும்போதுதான் சோதனை வேண்டும். பல வருசம் மாத்திரை போட்ட இடத்தில் முட்டை கொஞ்சமாக இருக்கும், மைக்ராஸ்கோப் கைவிடுவது அங்கேதான். புதுச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட விவரக்குறிப்பும் இந்தக் கண்காணிப்புக்குத்தான். என் ஓட்டு, தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே பார்க்கக்கூடிய ஸ்ட்ரிப்புக்கு (பட்டைச் சோதனை), அதுவும் கொக்கிப்புழுவுக்கு முதலில். அது ரத்தம் குடித்துச் சோகை பிடித்த கொழுந்துக்காரிகளைப் பார்த்தவனுக்கு வேறு வரிசை வராது. 1916இல் அமெரிக்க ராக்பெல்லர் அறக்கட்டளை ஆட்கள் இங்கே இலங்கைத் தோட்டங்களில் தேடியதும் இதே புழுதான். நாம் இன்னும் முட்டை எண்ணுகிறோம்!

வார்டு அக்கா:
ஆள் ஆளாகப் பார்க்க வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணா. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று இன்னொரு குடற்புழு இருக்கிறது. அதன் முட்டை குடலுக்குள்ளேயே பொரித்துவிடும், மலத்தில் வருவது குடம்பி (புழுக்குஞ்சு). கேட்டோ-காட்ஸில் அகப்படாது. பள்ளிக்கூட மாத்திரைக்கும் மசியாது, ஐவர்மெக்டின் வேண்டும். இழுப்புக்கு ஸ்டீராய்டு எடுக்கிறவர் உடம்பில் அது பெருகினால் ஆளையே கொண்டுபோய்விடும். அவருக்கு மருந்து எழுதுமுன் தெரிய வேண்டாமா?

டிக்கோயா தேயிலை:
அப்போ ரெண்டையும் ஒரே ஸ்ட்ரிப்பில் கேட்கலாமா?

பழைய லேப்காரன்:
கேட்காதீர்கள், ரெண்டும் பிந்தும். அக்கா சொன்னது சரிதான், ஆனால் ஸ்ட்ராங்கிலாய்டிசுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. பழைய தொற்றையும் காட்டிவிடும், அந்தக் குறை உண்டு. அதை மலிவாக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது தனி வேலை. கொக்கிப்புழுவுக்கு அப்படி நம்பி எடுக்க ஒன்றும் கையில் இல்லை, வரிசையில் அதுவே முன்னால்.

அதுவரை மலத்தை ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்லைடு ஓரத்தில் போட்ட நேரத்தைப் பென்சிலால் எழுதி, கொக்கிப்புழுவை முதலில் எண்ணுங்கள். சாட்டைப்புழு முட்டை எங்கும் ஓடாது, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் எண்ணலாம்.