டியுர்க்ஹைமில் கைமாறிய டம்ளர்

ஜெர்மனியில் உள்ளூர் ஒயினை எங்கே சுவைத்துப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் பாட் டியுர்க்ஹைமைத்தான் சொல்கிறேன். ஃபால்ட்ஸ் பகுதியில், ரைன் சமவெளி முடிந்து ஹார்ட் மலை எழும்பும் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. மன்ஹைமிலிருந்தும் லுட்விக்ஸ்ஹாஃபனிலிருந்தும் டிராம் நேராக அங்கே போகிறது. செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது வார இறுதிகளில் அங்கே நடக்கும் விழாவுக்கு வூர்ஸ்ட்மார்க்ட், அதாவது சாசேஜ் சந்தை என்று பெயர். சாசேஜும் நிறையவே விற்கிறது. ஆனால் இலட்சக்கணக்கில் கூட்டம் வருவது ஒயினுக்காக.

இதன் வேர் மிகப் பழையது. ஊருக்குப் பக்கத்தில் மிஷெல்ஸ்பெர்க் என்ற குன்றின் மேல் புனித மிக்கேலுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. திருநாளுக்கு அங்கே ஏறி வந்த யாத்திரிகர்களுக்குச் சுற்றுவட்டாரக் குடியானவர்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஒயினும் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து விற்றார்கள். 1417ஆம் ஆண்டிலேயே இந்தச் சந்தை ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது. யாத்திரை ஓய்ந்த பிறகும் தள்ளுவண்டியை ஊர் விடவில்லை. இன்றைக்கும் திடலில் 36 சிறிய ஒயின் கடைகள் 'ஷூப்கார்ஷ்' என்ற அந்தத் தள்ளுவண்டியின் பெயரோடுதான் நிற்கின்றன. அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்யும் குடும்பங்கள். பயிரிட்டவரே ஊற்றிக் கொடுக்கிறார், கேட்டால் கதையும் சொல்கிறார். வேறு எந்த ஒயின் கூடத்திலும் எனக்குக் கிடைக்காத அறிமுகம் அது.

நாங்கள் போனது திங்கட்கிழமை மதியம். சனிக்கிழமை இரவில் அந்தத் திடலில் தோளோடு தோள் இடித்துத்தான் நகர முடியும், திங்கள் மதியம் கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும் என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொல்லியிருந்தார். திடலுக்குப் பக்கத்திலேயே ஊரின் உப்புநீர்க் கட்டுமானம் இருக்கிறது. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளும் மரச்சட்டம் முழுவதும் முள்செடிக் கட்டுகளை அடுக்கி, மேலிருந்து ஊற்று உப்புநீரைச் சொட்டவிடுகிறார்கள். அதன் ஓரமாக நடந்தாலே உதட்டில் உப்புக் கரிக்கிறது. அந்த ஈரக்காற்றை வாங்கிக்கொண்டுதான் கடைப் பக்கம் திரும்பினோம்.

ஷூப்கார்ஷ் என்பது துணிக்கூரை, குறுகலான மேசை, அதைவிடக் குறுகலான பெஞ்சு, அவ்வளவுதான். தனி மேசை பிடிக்கும் பேச்சே அங்கே கிடையாது. இடம் தேடி நின்ற எங்களைப் பார்த்து ஒரு முதியவர் பெஞ்சைத் தட்டினார். "வாருங்கள், நாங்கள் நகர்ந்துகொள்கிறோம்" என்றார். மேசையில் அவரும் அவர் மனைவியும் பக்கத்து ஊரிலிருந்து வந்த வேறு சிலரும் இருந்தார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் அவர் தன் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

அந்த டம்ளரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அரை லிட்டர் பிடிக்கும் கனத்த கண்ணாடி, அடிப்பக்கம் குறுகி மேலே விரியும் வடிவம், உடம்பு முழுக்க விரல் நுனி பதியும் அளவுக்கு வட்ட வட்டக் குழிகள். டுப்பேகிளாஸ் என்கிறார்கள். இறைச்சிக் கடைக்காரர்களின் கொழுப்புப் பிசுக்குள்ள கைகளிலிருந்து வழுக்காமல் இருக்கவே இந்தக் குழிகள் வந்தன என்று ஊரில் ஒரு கதை. எப்படி வந்திருந்தாலும் குளிர்ந்து வியர்த்திருக்கும் டம்ளருக்கு அது அருமையான பிடி. ஒருவர் வாங்குகிறார், ஒரு வாய் குடிக்கிறார், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறார். டம்ளர் மேசையைச் சுற்றி வருகிறது. தீர்ந்தால் அடுத்தவர் வாங்கிவருகிறார்.

எச்சில் பார்க்கும் வீட்டில், அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு அந்த நொடி எளிதாக இல்லை. முதியவரின் மனைவி என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். "கட்டாயம் இல்லை, தனி டம்ளரும் வாங்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்" என்றார். அந்த அன்புக்காகவே வாங்கிக் குடித்தேன். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அரை லிட்டர் ஒயினை ஒருவரே குடித்தால் இரண்டாவது வகையைச் சுவைக்கும் முன்பே தலை சுற்றிவிடும். பத்துப் பேர் பகிர்ந்தால் ஒரு பிற்பகலில் பல வகைகளை வாய்க்கு ஒன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வந்தது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், இனிப்பில்லாத 'ட்ரோக்கன்' வகை. நாக்கில் பட்டவுடன் புளிப்பு. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் நீர் ஊறியபடியே இருந்தது. "புளிப்புதானே இதன் முதுகெலும்பு" என்றார் முதியவர். பல ஆண்டுகள் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் கொடி. ஹார்ட் மலை மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் இந்தப் பக்கம் வெயிலும் வறட்சியும் கூடுதல், அத்தியும் பாதாமும்கூட விளைகின்றன. இலையுதிர்காலத்தில் பகல் வெதுவெதுப்பாகவும் இரவு குளிராகவும் இருப்பதால் பழம் மெல்லப் பழுத்து மணம் சேர்க்கிறது, புளிப்பையும் முழுக்க இழப்பதில்லை. இதையெல்லாம் அவர் கையை நீட்டி மலையைக் காட்டியபடியே விளக்கினார். நிமிர்ந்து பார்த்தால் மிஷெல்ஸ்பெர்க் சரிவில் கொடிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அங்கே விளைந்ததைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த டம்ளர் என் முறை. கடை மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணின் விரல் இடுக்குகளிலும் நகக்கண்களிலும் ஊதாக் கறை ஏறியிருந்தது. காலையில் அறுவடை, மதியம் கடை. என்ன தரட்டும் என்று அவர் கேட்டதற்கு, அவருக்கே பிடித்ததைக் கேட்டேன். தன் தோட்டத்து ரீஸ்லிங்கை ஊற்றிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு திராட்சைக் கொத்தையும் எடுத்தார். அதே தோட்டத்தில் அன்று காலை பறித்தது. ஒரு பழத்தைக் கொடுத்து, விதையைத் துப்பாமல் மென்று பார்க்கச் சொன்னார். விதை பச்சையாக இருந்தால் கசக்கும், பழுப்பாகிவிட்டால் கொட்டைப் பருப்பின் சுவை வரும், அப்போதுதான் பறிக்க நேரம் வந்ததென்று பொருள் என்றார். நான் மென்ற விதை பாதி கசப்பு, பாதி பருப்பு. "இன்னும் ஒன்றிரண்டு வாரம்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு குழாயை எடுத்தார். அதன் முனையில் இருந்த கண்ணாடிப் பட்டையில் பழச்சாற்றை ஒரு சொட்டு நசுக்கி விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து என்னிடம் கொடுத்தார். உள்ளே ஓர் அளவுகோல், மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு 80க்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஓக்ஸ்லே என்ற அளவு இது. ஒரு லிட்டர் பழச்சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனமாக இருக்கிறது என்று சொல்வது. கனம் கூடினால் சர்க்கரை கூடுதல். நம் கரும்பு ஆலைகளில் பிரிக்ஸ் என்ற சர்க்கரை அளவைப் பார்த்து வெட்டு நாள் குறிப்பதைப் போன்றதுதான். காபினெட், ஷ்பேட்லேசே, ஆவ்ஸ்லேசே என்று ஜெர்மன் பாட்டில்களில் இருக்கும் படிநிலைகள் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகின்றன. கடையில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் விளங்காத விஷயம், ஒரு சொட்டுச் சாற்றில் விளங்கிவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை: இந்தப் படிநிலைகள் பழத்தின் சர்க்கரையைச் சொல்பவை, ஒயினின் இனிப்பைச் சொல்பவை அல்ல. சர்க்கரை முழுவதும் நொதித்துச் சாராயமாக மாறிவிட்டால் ஷ்பேட்லேசேகூடத் துளியும் இனிக்காது. இனிப்பில்லாதது வேண்டுமென்றால் 'ட்ரோக்கன்' என்ற சொல்லைத்தான் தேட வேண்டும். சட்டப்படி அதில் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது.

அதன் பிறகு மேசைக்கு வந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஷாய்ரேபே எனக்குப் புதிய பெயர். 1916இல் கெயார்க் ஷாய் என்ற ஆய்வாளர் உருவாக்கிய வகை, முகர்ந்தாலே பம்பளிமாஸ் மணம் தூக்கலாக வருகிறது. கிராவ்புர்குண்டர் என்ற வெள்ளை ஒயின் மென்மையானது, யாருக்கும் பிடிக்கும், அதனாலேயே என் நினைவில் அதிகம் தங்கவில்லை. சிவப்பில் டோர்ன்ஃபெல்டர். 1955இல் வைன்ஸ்பெர்கில் பிறந்த கலப்பினம், நிறம் மிக அடர்த்தி, நாவல்பழம் தின்றதுபோல நாக்கில் கறை விழும் அளவுக்கு. கெவுர்ட்ஸ்டிரமீனர் வந்தபோது மேசையே அமைதியாகிவிட்டது, அதன் ரோஜா மணமும் லிச்சிப் பழ மணமும் அப்படி. மிளகுக் காரம் தூக்கலான நம் வீட்டுச் சாப்பாட்டோடு பொருந்தக்கூடிய ஜெர்மன் ஒயின் எது என்று கேட்டால், கொஞ்சம் இனிப்புள்ள கெவுர்ட்ஸ்டிரமீனரைத்தான் சொல்வேன்.

வெயில் ஏறியதும் மேசையில் பாதிப்பேர் ஷோர்லேவுக்கு மாறினார்கள். ஒயினில் சோடாத் தண்ணீர் சேர்த்த பானம். ஃபால்ட்ஸ்காரர்கள் தண்ணீரைக் கஞ்சத்தனமாகத்தான் ஊற்றுகிறார்கள் என்பதை டம்ளரைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தாகத்துக்கு நல்லது. ஆனால் ஒயினை அறிந்துகொள்ள வந்தவர்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சோடாவின் குமிழிகள் மணத்தை மூடிவிடுகின்றன.

சாப்பாட்டில் ஊரின் பெருமை ஸாவ்மாகன். பன்றி இறைச்சி, உருளைக்கிழங்குத் துண்டுகள், மார்ஜோரம் இலை, ஜாதிக்காய் எல்லாவற்றையும் பன்றியின் இரைப்பையில் அடைத்து வேகவைத்து, வில்லைகளாக வெட்டி வறுத்துத் தருவது. லுட்விக்ஸ்ஹாஃபனில் பிறந்த ஹெல்மூட் கோல் சான்சலராக இருந்த காலத்தில் தாட்சர், கோர்பச்சேவ் போன்ற விருந்தாளிகளை அருகிலுள்ள டைடெஸ்ஹைமுக்கு அழைத்துவந்து இதைப் பரிமாறியது இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. ரீஸ்லிங்கின் புளிப்பு அந்தக் கொழுப்பை வழித்தெடுப்பது உண்மைதான். என் மனைவி சைவம். அவருக்கு உருளைக்கிழங்கு அடையும், மூலிகை கலந்த வெள்ளைத் தயிர்ப்பாலாடையும் கிடைத்தன. வெங்காயக் கேக்கைக் கண்டால் மட்டும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், பெரும்பாலும் பன்றி இறைச்சித் துணுக்குகள் சேர்ந்திருக்கும்.

அந்த வெங்காயக் கேக்கோடு குடிப்பதற்கென்றே 'நோயர் வைன்' இருக்கிறது. பறித்துச் சில நாட்களே ஆன, இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் சாறு. பார்க்க மோர்போலக் கலங்கி, நாக்கில் சுரீரென்று குமிழியிடும். சீக்கிரம் பழுக்கும் வகைகளைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே பறித்துவிடுவதால் விழா நாட்களில் கிடைத்துவிடுகிறது. பாட்டிலை இறுக மூடமாட்டார்கள், மூடினால் உள்ளே சேரும் வாயு வெடித்துவிடும். வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்கள் பையில் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு டிராமில் நிற்பதைப் பார்க்கலாம். குடிக்க இனிப்பாக இருப்பதால் சாராயம் ஏறுவது தெரியாது. முதன்முறை குடிப்பவர்கள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கார் ஓட்டிப் போவதையும் மறந்துவிடுங்கள்.

மாலையில் ராட்சத பீப்பாயையும் பார்த்தோம். 1934இல் கட்டியது, குறுக்களவு 13.5 மீட்டர், கொள்ளளவு 17 லட்சம் லிட்டர். ஒருநாளும் ஒயின் நிரப்பியதில்லை, உள்ளே உணவகம் நடக்கிறது. படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எனக்கு அங்கே ஈர்ப்பு இல்லை.

முதியவர் விடைபெறும்போது சொன்ன இடம் அப்படி அல்ல. ஊங்ஸ்டைன் பக்கம் வைல்பெர்க் சரிவில், 1981இல் தோட்ட நிலங்களைத் திருத்தும்போது ரோமானியர் காலப் பண்ணை வீடு ஒன்று வெளிப்பட்டது. அதில் திராட்சையை மிதித்துச் சாறெடுத்த தொட்டிகள் அப்படியே இருக்கின்றன. மறுநாள் போய்ப் பார்த்தோம். தொட்டியின் விளிம்பிலிருந்து பத்தடியில் கொடிகள் தொடங்குகின்றன, அங்கே டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு குடும்பம் பறித்துக்கொண்டிருந்தது. வூர்ஸ்ட்மார்க்டுக்குப் போகிறவர்கள் ஓர் அரை நாளை இதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறிப்போக நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் போதும்.