துண்டறிக்கைக்குச் சொல் வேண்டும்: வெட்டையா, கொனோரியாவா? (பேசுவோர் ஊர்ப்பெயரால்)

சங்ககிரி:
லாரி ஓட்டுநர்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், தலைப்புக்கே இன்னும் சொல் அமையவில்லை. மூலப் பிரதியில் நோயின் பெயர் கொனோரியா. நான் 'வெட்டை நோய்' என்று போட்டேன், வெட்டை என்றால் சூடு என்றும் பொருள். படித்துப் பார்த்த ஓட்டுநர் ஒருவர், "இன்ஜின் சூட்டு மேலயே உட்கார்ந்து ஓட்டுறோம், வராம என்ன செய்யும், ரெண்டு நாள் மோர் குடிச்சா அடங்கிரும்" என்கிறார். நோய் வருவது நைசீரியா கொனோரியே என்ற பாக்டீரியாவால், பெரும்பாலும் ஆணுறை இல்லாத உடலுறவில். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரே தப்பான காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் அறிக்கை எதற்கு?

ஆத்தூர்:
ஐயா, வெட்டை நல்ல தமிழ். வெம்மை, வெக்கை, வெயில், வெட்டை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. வெட்டவெளி, வெட்டாந்தரை வரை கொண்டுபோகலாம், வேட்கையும் இந்தக் குடும்பம்தான் என்பது என் நெடுநாள் கருத்து. தயவுசெய்து மேகவெட்டை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மேகம் இங்கே வடசொல், சிறுநீர் பற்றியது. மதுமேகம் என்றால் சர்க்கரை நோய். படிப்பவர் வானத்தைப் பார்ப்பார்.

சூரமங்கலம்:
வேட்கைக்கு வேர் வேள், புலவரே. அதை வெம்மையில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். சரி, அது கிடக்கட்டும். கிரேக்கப் பெயர் மட்டும் என்ன வாழ்கிறது? விந்து ஒழுகுகிறது என்று நினைத்து வைத்த பெயர் அது, ஒழுகுவதோ சீழ். 1879இல் ஆல்பர்ட் நைசர் கிருமியைக் கண்ட பிறகும் யாரும் மாற்றவில்லை. அந்தத் தப்பை ஏன் நாம் இறக்குமதி செய்ய வேண்டும்? 'சீழொழுக்கு' என்று ஆக்குவோம்.

ஏற்காடு:
சீழொழுக்கு வேண்டாங்க, நான் செவிலியராகச் சொல்கிறேன். ஆண்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களில் சீழும் எரிச்சலும் தெரிந்துவிடும். பெண்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது, தொண்டையிலும் ஆசனவாயிலும் தொற்றினால் முக்கால்வாசி அப்படித்தான். தெரியாமலே கருக்குழாய் வரை ஏறிப் பிள்ளைப்பேறு தடைபடலாம், பிரசவத்தில் குழந்தையின் கண்ணில் தொற்றினால் பார்வையே போகலாம். எஸ்டேட் அக்காமார்களிடம் சீழொழுக்கு என்றால் "எனக்கு அதெல்லாம் இல்ல சிஸ்டர்" என்று எழுந்து போய்விடுவார்கள். கொனோரியா என்றே எழுதுங்கள். டிபி என்று சொல்லப் பழகிய வாய்க்கு இது வராதா?

ஆத்தூர்:
டிபி இரண்டெழுத்து அம்மா. தொல்காப்பியர் வடசொல்லையே வடவெழுத்தை ஒரீஇ, அதாவது நீக்கித்தான் எழுதச் சொன்னார், கிரேக்கத்தை மூட்டையாக இறக்கச் சொல்லவில்லை. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குப் பரங்கிப்புண் என்று பேர் வைத்தவர்கள் யாரைக் கேட்டார்கள்?

சூரமங்கலம்:
அது பரங்கியர் மேல், அதாவது ஐரோப்பியர் மேல் பழி சுமத்திய பெயர், புலவரே, அதைப் போய் முன்மாதிரி ஆக்காதீர்கள். கண்டவர் பெயராலேயே 'நைசர் நோய்' என்றால்? சூடும் இல்லை, சீழும் இல்லை.

சங்ககிரி:
நைசா வர்ற நோயா என்று கேட்பார்கள்.
இனி நேரமில்லை. தலைப்பில் 'வெட்டை நோய்', அடுத்த வரியிலேயே 'இது உடல் சூட்டால் வருவதில்லை, கொனோரியா கிருமியால் வருகிறது'. வெட்டையை நாம் கைவிட்டால் பஸ் ஸ்டாண்டு சுவரொட்டியில் 'வெட்டை, மேகச்சூடு' என்று போட்டு லாட்ஜில் வைத்தியம் பார்க்க ஆள் பிடிப்பவர்களுக்கே அந்தச் சொல் சொந்தமாகிவிடும். மருந்துப் பத்தி இப்படி: 'சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தக் கிருமி பழகிக்கொண்டது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்காமல் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.'

ஏற்காடு:
அரை மனசோடு சரிங்க, கொனோரியா தலைப்பிலேயே வந்திருக்கலாம். ஆனால் கடைசியில் 'துணைவியாரையும் அழைத்து வரவும்' என்று இருக்கிறதே. ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மறுபடி தொற்றும், இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஏழு நாளாவது உறவு கூடாது. துணைவியார் என்றால் வீட்டுக்காரம்மாவை மட்டும் கூட்டி வருவார்கள், அதுவும் நடந்தால். வழியில் பழகியவர்கள், ஆணோடு உறவு வைத்திருப்பவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? 'பார்ட்னர்' என்றே போடலாமா?

சூரமங்கலம்:
சங்ககிரியில் பார்ட்னர் என்றால் லாரியில் பாதிப் பங்கு போட்டவர்.

ஆத்தூர்:
'கூடியோர்' எனலாமே? வெட்டைக்கு என் வாக்கு உண்டு, அடுத்த வரியில் கொனோரியா நுழைவதற்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.